தண்ணீருக்குள் கட்டைவிரல்

தரையில் நிற்கிற மனிதன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினால் ‘பிரமாதம்’ என்று பொருள். தண்ணீருக்குள் போய் அதே விரலை அதே மாதிரி நிமிர்த்தினால் ‘போதும், மேலே போகலாம்’ என்று பொருள். விரல் ஒன்றுதான். நடுவில் தண்ணீர் வந்து புகுந்துகொண்டு அர்த்தத்தை மாற்றிவிடுகிறது. இதை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கடற்கரைச் சாலையின் கோடியில் அக்காவும் தம்பியுமாக ஒரு முக்குளிப்புக் கடை நடத்தி வந்தார்கள். விருந்தாளிகளுக்கு மாஸ்க் மாட்டி, முதுகில் சிலிண்டர் கட்டி, படகில் ஏற்றிப் போய், கடலுக்குள் இறக்கிக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கடை. உரிமம் தம்பி பேரில். தண்ணீருக்குள் ஆட்களை நடத்திப் போவது அக்கா. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் உப்புப் படிந்த புருவம். அவளுக்கு அந்தக் கரையில் ‘கட்டைவிரல்’ என்றே பேர். எவனாவது ஆமையின் ஓட்டைத் தொட்டால் விரல். பவளத்தில் கால் வைத்தால் விரல். “அந்த அம்மாவோட இறங்கினா, கண்ணைத் திறக்கறதுக்குள்ள மேல கொண்டாந்துரும்” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவள் விரலுக்குப் பலம் கொடுத்ததே தம்பிதான். பத்தொன்பது வயதில் அவன் வேறொரு கடைப் படகில் வேலை பார்த்தபோது, ஆழத்தில் காது குத்தி, விரலைக் காட்டினான். கூட்டிப் போனவன் ‘ஏன்?’ என்று கையை விரித்துக் கேட்டுவிட்டு இன்னும் கீழே இழுத்துப் போனான். இடது செவிப்பறை கிழிந்துவிட்டது. இரண்டு மாதம் தலைசுற்றலோடு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். சொந்தக் கடை திறந்தபோது, ஆணி அடிப்பதற்கு முன்னால், தூரிகையை எடுத்துச் சுவரில் எழுதினான்: ‘யார் விரல் காட்டினாலும் எல்லாரும் மேலே. ஏன் என்று கேட்கக் கூடாது.’ இடம் போதாமல் கடைசி ‘து’ மின்விசிறி சுவிட்சுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. பதினைந்து வருடமாக அது அங்கேயே இருக்கிறது.

ஒரு நாள் காலை அக்கா கடைக்கு வந்தபோது, வாசலுக்கு மேலே புதுப் பலகை மாட்டியிருந்தது. நீலப் பெயிண்ட் இன்னும் வாசனை விட்டுக்கொண்டிருந்தது. ‘கழுகுத் திருக்கை. நேருக்கு நேர். நிச்சயம்.’

தம்பி உள்ளே கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து சிலிண்டர்களில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தான்.

“என்னடா இது, நிச்சயம்னு போட்டிருக்கே?”

“போட்டா என்ன? தினம் வருதுல்ல.”

“வருது. நீ கூப்பிட்டா வருது? அது பசிக்கு அது வருது. நாளைக்கு வேற பக்கம் சிப்பி நல்லா இருந்தா அங்க போயிரும். உங்கிட்ட லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா போகும்?”

“காலங்காத்தால ஆரம்பிக்காதக்கா. இன்னிக்குச் சுற்றுலாக் கம்பெனி மேலாளர் வர்றார். கூடவே கேமராக்காரம்மாவும் வருது. ஒரே ஒரு நல்ல படம் கிடைச்சா வருஷம் பூரா நம்ம கடைக்குத்தான் ஆள் அனுப்புவாங்க.”

“வந்தா எடுக்கட்டும்.”

“வந்தா இல்லக்கா. வர வைக்கணும்.” அவன் குழாயைத் திருகி மூடினான். “அந்தப் பக்கத்துலேருந்து நான் ஓட்டிட்டு வர்றேன். நீ இந்தப் பக்கம் நில்லு. ரெண்டு நிமிஷ வேலை.”

“அது என்ன கோழியா, கூடைக்குள்ள பிடிச்சு அடைக்கறதுக்கு?”

“அக்கா.”

“மாட்டேன்டா.”

அவ்வளவுதான் பேச்சு. மிதக்காமல் இறங்குவதற்கு இடுப்பில் கட்டுகிற ஈயப் பட்டைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படகுத்துறைக்கு நடந்துவிட்டாள்.

அவள் ஏன் அப்படி முரண்டு பிடித்தாள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், பத்து மீட்டர் ஆழத்தில், வாய் திறந்த கிண்ணம் மாதிரி ஒரு மணல்வெளி. அங்கே தினம் காலையில் ஒரு பெண் திருக்கை சிப்பி தோண்ட வரும். கழுகு மாதிரி சிறகு விரித்து நீந்துகிற மீன் அது. கறுத்த முதுகு, முதுகெல்லாம் வெள்ளை வட்டங்கள். ஒன்றுக்கு இருக்கிற புள்ளி வரிசை இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. இதற்கு இடது சிறகில் மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சாவிக்கொத்து தொங்குவது போல இருக்கும். அதனால் ‘சாவிக்கொத்து’ என்றே பேர் வைத்திருந்தாள். நான்கு வருடப் பழக்கம். பழக்கம் என்றால், அது இவளைக் கண்டு ஓடாது, அவ்வளவே. போன மாதத்திலிருந்து சாவிக்கொத்தின் வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வந்தது. குட்டி போடுகிற சாதி அது, முட்டை இடாது.

முன்பொரு முறை துறையில் வலை இழுத்தபோது அக்கா ஒன்றைப் பார்த்திருக்கிறாள். வலையில் சிக்கிய கழுகுத் திருக்கை ஒன்று பலகையில் விழுந்த பயத்தில், அந்த இடத்திலேயே, முற்றாத இரண்டு குட்டிகளைத் தள்ளிவிட்டது. சிறகுகள் ஈரத் துணி மடித்த மாதிரி மடிந்து கிடந்தன. யாரோ காலால் ஓரமாக நகர்த்தினார்கள். அந்தக் கால் இன்னும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

படகை ஓட்டுகிறவருக்கு ‘மௌனசாமி’ என்று பட்டப்பேர். வாயை மூடாத மனிதர் என்பதால் வைத்தது.

“வாம்மா கட்டைவிரல். இன்னிக்கு எத்தனை நிமிஷம் இறக்கப் போறே? எனக்கு ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்குமா, கிடைக்காதா?”

“சூடா குடிக்காதீங்கண்ணே. நாக்கு வெந்துடப் போகுது. அப்புறம் இந்தப் படகுல யார் பேசறது?”

மேலாளர் புது நீச்சலுடையில், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி வந்து ஏறினார். நல்ல மனிதர்தான். எதைக் காட்டினாலும் கட்டைவிரலை நிமிர்த்தி “சூப்பர்” என்பார். படகுக்கு ஒரு சூப்பர், கடலுக்கு ஒரு சூப்பர், மௌனசாமியின் தொப்பிக்கும் ஒரு சூப்பர். கேமராக்காரி அதிகம் பேசாத பெண். முப்பது வயதிருக்கும். தன் கருவியைக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

படகு நங்கூரம் போட்டதும் அக்கா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

“சார், திருக்கையைத் தேடிப் போகக் கூடாது. மணலுக்கு மேல அசையாம நிப்போம். மூச்சை மெதுவா விடுங்க. நாம விடற குமிழிச் சத்தம் அதுக்கு இரைச்சல். அது வந்தா வரும். கடல் பக்கம் அதுக்கு வழி விட்டே வைக்கணும், மறிக்கக் கூடாது. வால் அடியில முள் இருக்கு. தானா வந்து குத்தாது, மூலையில மாட்டிக்கிட்டா என்ன செய்யும்னு சொல்ல முடியாது. அப்புறம் கைச் சைகை. நல்லா இருக்கேன்னா இப்படி வட்டம். கட்டைவிரல் காட்டினா மேல போறோம்னு அர்த்தம். யார் காட்டினாலும் சரி, ஏன்னு கேக்க மாட்டேன். புரிஞ்சுதா?”

மேலாளர் கட்டைவிரலை நிமிர்த்தினார். “சூப்பர் மேடம்.”

மௌனசாமி டீக் குவளைக்குள் சிரித்தார்.

முதல் இறக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தம்பி கூட, மேலாளர் பக்கத்தில் இருந்ததால், வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். மணல்வெளியின் ஓரத்தில் அசையாமல் நின்றார்கள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மணல் புகை தெரிந்தது. புகைக்குள் சாவிக்கொத்து. வாத்து அலகு மாதிரி நீண்ட மூக்கை மணலில் புதைத்து, ஊதி, கிளறி, சிப்பியை வாய்க்குள் இழுத்துக் கடித்தது. கற்கண்டு கடிப்பது போல ‘கடக், கடக்’ என்று தண்ணீருக்குள் நன்றாகவே கேட்டது. உடைந்த ஓடுகள் வாயோரம் உதிர்ந்தன. பொறுக்கித் தின்ன நாலைந்து சின்ன மீன்கள் பின்னாலேயே சுற்றின. ஒருமுறை அது தலையைத் தூக்கி, சிறகை மெல்ல அசைத்து, இவர்கள் பக்கம் திரும்பியது. கேமராக்காரி கருவியைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து மேலாளர், சந்தோஷம் தாங்காமல், இரண்டு கட்டைவிரலையும் நிமிர்த்தி ஆட்டினார்.

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விதி விதிதான். தன் விரலையும் நிமிர்த்தினாள், மேலாளரின் கையைப் பிடித்தாள், மேலே கிளம்பிவிட்டாள். மேலாளர் தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், வேண்டாம் என்பதற்குச் சைகை தெரியாமல் இன்னும் வேகமாக விரலைக் காட்டினார். காட்டக் காட்ட அவள் இன்னும் உறுதியாக மேலே கொண்டுபோனாள்.

படகில் ஏறியதும் தம்பி மாஸ்க்கைக் கழற்றிப் பலகையில் போட்டான்.

“நீ வேணும்னே பண்ணினே.”

“அவர் விரல் காட்டினார்டா.”

“அவர் சூப்பர்னு சொன்னாருக்கா. பச்சைக் குழந்தைக்குத் தெரியும்.”

“தண்ணிக்குள்ள ஏது சூப்பர்? அவருக்கு நெஞ்சு வலிச்சுக் காட்டியிருந்தா? நான் நின்னு அர்த்தம் கேக்கணுமா?”

மேலாளர் சங்கடத்தில் நெளிந்தார். “என் தப்புதாங்க. கை பழகிப் போச்சு. வீட்டுல சாப்பாடு நல்லா இருந்தாலும் இதான் காட்டுவேன்.”

“வீட்டம்மா எழுந்து மாடிக்குப் போயிருவாங்களோ?” என்றார் மௌனசாமி. சிரித்தது கேமராக்காரி மட்டும்.

அடுத்த இறக்கத்துக்கு முன்னால் உடம்பு ஓய்வெடுக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அக்கா மூச்சுக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, சிலிண்டர் இல்லாமல், தண்ணீரில் நழுவினாள். சும்மா மேலே கவிழ்ந்து மிதந்தாள். குமிழியில்லை, சத்தமில்லை. கீழே இறங்கத் தெரிந்தவர்களைவிட மேலே சும்மா மிதக்கிறவர்களிடம்தான் திருக்கைகள் கூச்சமில்லாமல் வரும் என்பது அவள் அனுபவம். அன்றும் அப்படித்தான். கிண்ணத்துக்குள்ளிருந்து சாவிக்கொத்து எழும்பி, அவளுக்கு அடியில், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் கடந்தது. திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. புடைப்பு நன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மூச்சுத் துளை திறந்து மூடியது. அது மறுபடியும் மணலுக்கு இறங்கிச் சாப்பிடப் போனது.

படகில் ஏறினாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். நாற்பது வருடம் கூடவே வளர்ந்தவனிடம் முகத்தை எங்கே ஒளித்து வைப்பது?

“அங்கயே இருக்கு, இல்ல?”

அவள் மூச்சுக்குழாயைக் கழற்றி உதறினாள்.

“இருக்கு,” என்றான் தம்பி மேலாளரிடம். ஈர விரலால் படகுப் பலகையில் வரைந்தான். வளைந்த பாறை, நடுவில் மணல், ஒரு பக்கம் திறந்த கடல். “நான் இந்த ஓரத்துலேருந்து வர்றேன். அது கடல் பக்கம் ஓடப் பார்க்கும். அங்க அக்கா நிப்பா. நீங்க ரெண்டு பேரும் பாறைக்கிட்ட. அது திரும்பி உங்க முகத்துக்கு நேரா வரும்.” பிறகு அக்காவிடம், குரலைத் தாழ்த்தி, “நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா கையை விரிச்சு நில்லு. கதவு மாதிரி.”

“வயித்துல குட்டியோட இருக்குடா.”

“ரெண்டு நிமிஷம்.”

“கதவுன்னா திறக்கவும் செய்யும்.”

“விளையாடாதே.” அவன் இடது காதைத் தேய்த்துக்கொண்டான். கோபம் வந்தால் அப்படித்தான் தேய்ப்பான். “இந்தத் தடவை நீ விரல் காட்டினே, நாளைக்கு இந்தக் கடையில உனக்கு வேலை இல்ல. வேற இடம் பார்த்துக்க. இதுல அக்கா தம்பியெல்லாம் கிடையாது.”

மௌனசாமிக்கே பேச்சு வரவில்லை.

அக்கா சிலிண்டரை முதுகில் ஏற்றிப் பட்டையை இறுக்கினாள். இறங்காமல் படகில் உட்கார்ந்துவிடலாம்தான். ஆனால் அவள் இல்லாமல் மூன்று பேர் இறங்கினால், கீழே விரல் காட்ட ஒரு ஆள் இருக்காது. வேறெந்தக் கடைக்குப் போவது என்று ஒரு பக்கம் மனது கணக்குப் போட்டது. சிரிக்கிற பக்கத்துக் கடைக்காரர்கள் முகம் வந்து போனது. போட்ட கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்து கடலுக்குள் விழுந்தாள்.

கீழே சாவிக்கொத்து மணலில் மும்முரமாக இருந்தது. மேலாளரும் கேமராக்காரியும் பாறையோரம் நின்றார்கள். அக்கா கடல் பக்கம் நின்றாள். கையை விரிக்கவில்லை; விரிக்காவிட்டால் அது தன்னைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தாள். தம்பி அந்த ஓரத்திலிருந்து கிளம்பினான். காலை உதைத்து, கையைத் தட்டி, குமிழியைக் கொட்டிக்கொண்டு வந்தான். திருக்கையின் தலை சட்டென்று மணலிலிருந்து வெளியே வந்தது. சிறகை ஒரே அடி அடித்துக் கடல் பக்கம் பாய்ந்தது. வழியில் அக்கா நின்றாள். அது அவளைக் கண்டு முறித்துத் திரும்பியது. பாறை. மறுபடி திரும்பியது. தம்பி. கிண்ணத்துக்குள் சுற்ற ஆரம்பித்தது. சாப்பாட்டை மறந்த வாய் திறந்தே இருந்தது. நீண்ட வால் விறைத்துச் சாட்டை மாதிரி பின்னால் வீசியது. நான்கு வருடம் அவளைக் கண்டு ஓடாதது, இப்போது அவளைக் கண்டு ஓடுகிறது.

அக்கா விரலை நிமிர்த்தினாள்.

கையை முழுவதும் நீட்டி, தலைக்கு மேலே, யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதபடி நிமிர்த்தினாள். தம்பி பார்த்தான். கண்ணாடிக்குள் அவன் கண் அவள் விரலில் நின்றது நன்றாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பதினைந்து வருடத்தில் அந்தக் கடையின் ஆள் ஒருவர் விரலைக் கண்டு முகம் திருப்பியது அதுதான் முதல் தடவை. திருப்பியது சுவரில் எழுதியவனே.

அவள் நின்ற இடத்தை விட்டாள். கடல் வழி அப்படியே திறந்து கிடந்தது. நேராகத் தம்பியிடம் நீந்திப் போனாள். அவன் இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம். அவன் மாஸ்க்குக்கு ஒரு சாண் முன்னால் கட்டைவிரலை வைத்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். கை திரும்ப அதே இடத்துக்கு வந்தது. மறுபடி தட்டினான். மறுபடி வந்தது.

அப்போது பாறையோரத்தில் கேமராக்காரி கருவியைக் கீழே விட்டாள். அது மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கியது. விடுபட்ட கையைத் தூக்கி விரலை நிமிர்த்தினாள். மேலாளர் அவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சுற்றிச் சுற்றி ஓடுகிற திருக்கையைப் பார்த்தார். கை பாதி எழும்பி நின்றது. இந்தத் தடவை அவர் யோசித்தார். யோசித்து, ஒரே ஒரு விரலை, மெதுவாக, அர்த்தம் தெரிந்து நிமிர்த்தினார்.

மூன்று விரல்கள். மூன்றும் தம்பியைப் பார்த்தன.

திருக்கை மூன்றாவது சுற்றில் வழியைக் கண்டுகொண்டது. மேலாளரின் முகத்துக்கு நேராக வந்து, தலைக்கு மேல் முடியைத் தொடுகிற மாதிரி வளைந்து, இரண்டு சிறகும் அகல விரிந்து, மூன்று வளையமும் பளிச்சென்று தெரிய, திறந்து கிடந்த கடல் வழியே போனது. கம்பெனி கேட்டது அந்த ஒரு படத்தைத்தான். கேமரா கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீலத்துக்குள் புள்ளிகள் மங்கி, வால் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்து, அதுவும் போயிற்று.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விரல் தம்பியின் முகத்துக்கு முன்னாலேயே இருந்தது. திருக்கை போனாலும் விதி போகவில்லை. எல்லாரும் மேலே என்றால் அவனும்தான்; அவன் பதில் விரல் காட்டாமல் யாரும் மேலே போக முடியாது. குமிழிகள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தன. அவன் கை இடது காதுப் பக்கம் போய்த் திரும்பியது. கடைசியில், தொடையோடு ஒட்டி, யாருக்கும் தெரியாத மாதிரி விரலை நிமிர்த்தினான்.

அவள் தலையை ஆட்டினாள். அது போதாது. ஒழுங்காகக் காட்டு.

முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

படகில் முதலில் பேசியது மேலாளர். “படம் இல்லாம நான் ஆபீஸ்ல என்னத்தக் காட்டறது?” என்றவர், கொஞ்சம் கழித்து, தன் தலைமுடியைத் தடவிக்கொண்டு, “ஆனா இங்கதாங்க போச்சு. இங்க,” என்றார். கம்பெனி ஆள் அனுப்புமா என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேமராக்காரி அக்காவின் ஈயப் பட்டையைக் கழற்ற உதவினாள். “எனக்கும் அப்பவே காட்டணும்னு தோணுச்சுங்க. முதல்ல காட்டறதுக்குத்தான் கை வரல,” என்றாள்.

துறையில் இறங்கும்போது தம்பி சொன்னான், “நாளைக்கு வராதே.”

“வருவேன்.”

“சொன்னேன்ல, வேலை இல்லைன்னு.”

“நீ சொன்னது படகுல. நீ எழுதினது சுவத்துல. எது பெருசுன்னு யோசிச்சு வை. நான் எட்டு மணிக்கு வர்றேன்.”

அவன் கழுவுத் தொட்டிக்குப் போய் உடைகளை அலச ஆரம்பித்தான். ஒரே உடையைத் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தான்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் கிடந்த மரஏணியை இழுத்து வந்து வாசலில் சாய்த்தாள். காலையில் மிச்சம் வைத்த நீலப் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். ஏணிக்கு ஒரு கால் குட்டை, படிக்குப் படி ஆடியது. ‘நிச்சயம்’ என்கிற சொல்லின் மேல் முதல் பட்டை நீலம் விழுந்தது.

“அக்கா, என்ன பண்றே?”

இரண்டாவது பட்டை.

“இறங்குக்கா. விழுந்து தொலைக்கப் போறே. காலையிலதான் மாட்டின பலகை அது. இறங்குங்கறேன்ல.”

அவள் திரும்பவில்லை. இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, தூரிகை பிடித்த வலது கையைப் பின்னால் நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். விரல் நுனியில் நீலம் சொட்டியது. பிறகு அடுத்த படியில் காலை வைத்து மேலே ஏறினாள்.

தம்பி வாயைத் திறந்தான். ஏன் என்று கேட்க வந்தவன், கேட்கவில்லை. ஈரக் கையோடு வந்து, ஆடுகிற ஏணியின் குட்டைக் காலைப் பிடித்துக்கொண்டான்.